தட்டான் சட்டை

"சார், பச்சையா மெத்தை மாதிரி தெரியிற எடத்துல கால வைக்காதீங்க. கோரைக் கட்டை எங்க இருக்குன்னு பாத்து, அது மேல மிதிச்சு வாங்க."

எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், தான் நின்ற இடத்தில் லேசாக ஒரு குதி குதித்துக் காட்டினார். நாலடி தள்ளி நின்ற என் காலடியில் தரை அசைந்தது. சதுப்பின் நடுவில் வெள்ளை மொட்டோடு நின்ற செடிகள் எல்லாம் ஒருசேரத் தலையாட்டின. நீலகிரியின் மேற்கு ஓரம், மேல் பவானி பக்கம், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே. அக்டோபர் முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு இன்னும் தொடங்காத சின்ன இடைவெளி. வனத்துறை அனுமதியோடு நாங்கள் நாலு பேரும் காவலருமாக ஐந்து பேர், நாலு நாளில் ஐந்து சதுப்புகளில் பறவைகளையும் தட்டான்களையும் கணக்கெடுக்கப் போயிருந்தோம். திரும்பி வந்த பிறகு நண்பர்கள் பலர், அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைந்தது. பள்ளி விட்டு வந்ததும் வாய்க்கால் மேட்டில் தட்டான் பிடிப்பது எங்கள் கூட்டத்தின் அன்றாட வேலை. வால் நுனியைப் பிடிக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போமே, அந்தப் பொறுமை அதற்குப் பிறகு எந்தப் படிப்பிலும் எனக்கு வந்ததில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீர் பவானி ஆற்றுத் தண்ணீர் என்பது தெரியும். பவானி எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மலையிலிருந்து வருகிறது என்பதோடு சரி. மலையில் எங்கே, எந்த இடுக்கில், எதன் அடியிலிருந்து என்று நேரில் பார்க்க நாற்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

பார்த்தால் அது அருவியும் இல்லை, சுனையும் இல்லை. இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் ஈர நிலம்.

மேல் நீலகிரியின் பழைய முகம் மூன்று பங்காக அமைந்தது. மேடெல்லாம் புல். மேடுகளின் மடிப்பில், காற்று அதிகம் படாத இடத்தில், குடை விரித்தாற்போல் நெருக்கமான குட்டை மரங்கள் கொண்ட சோலை. இரண்டுக்கும் கீழே, பள்ளத்தின் அடியில், சதுப்பு. புல்மேட்டிலும் சோலையிலும் விழுந்த மழை மெல்லக் கசிந்து பள்ளத்துக்கு வருகிறது. நிலத்தில் ஈரம் வடியாமல் நிற்பதால் காற்று உள்ளே போக வழியில்லை. குளிரும் சேர்ந்துகொள்வதால், செத்த கோரையும் புல்லும் பாசியும் முழுதாக மக்குவதில்லை. பாதி மக்கி, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போகின்றன. அந்தக் கறுப்பு மண்ணைத்தான் பீட் என்கிறார்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் காபி டிகாக்‌ஷன் போல நீர் சொட்டும். பிழிந்த பிறகு உள்ளங்கையில் மிஞ்சுவது நார். எந்தக் காலத்துப் புல்லின் நாரோ.

எந்தக் காலத்துப் புல் என்று கண்டும் பிடித்திருக்கிறார்கள். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமாரும் அவரோடு மூன்று ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் பீட் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, 1993ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். செடிகளில் கார்பனைக் கையாளும் முக்கிய வழி இரண்டு உண்டு. வெயிலும் வறட்சியும் தாங்கும் புற்கள் ஒரு வழி. மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் இன்னொரு வழி. செத்து மண்ணான பிறகும் அந்த வேறுபாடு கார்பனின் எடையில் தங்கிவிடுகிறது. அதை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தில் இருந்தபோது, இந்த மலை வறண்டு கிடந்தது என்றும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை கொழித்தது என்றும் படித்துச் சொன்னார்கள். 1997ல் வந்த அடுத்த கட்டுரை அந்தக் கணக்கை 40,000 ஆண்டுகள் வரை கொண்டுபோனது. வரவு செலவு எழுதிவைத்த பழைய கணக்குப் பிள்ளையின் நோட்டு மாதிரி, மழை வந்த காலம் வராத காலம் எல்லாம் அந்தச் சேற்றில் இருக்கிறது. அதன்மேல் நின்றுகொண்டு, இன்றைய ஒரு நாளின் பறவைகளையும் தட்டான்களையும் நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தேன்.

இனி வேலை.

பறவைக்கு விடியலில் போகவேண்டும். ஆறு மணிக்கு முதல் புள்ளியில் நின்றுவிடவேண்டும். புள்ளி என்பது முன்கூட்டியே வரைபடத்தில் குறித்த இடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 200 மீட்டர் இடைவெளி. இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு தரம் எண்ணிவிடுவோம். அங்கே பத்து நிமிடம் அசையாமல் நின்று, 50 மீட்டர் வட்டத்துக்குள் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எழுதவேண்டும். சோலையில் கண்ணுக்கு வேலை குறைவு. பத்தில் எட்டைக் காதால்தான் எண்ணுகிறோம். அதனால் நான் போவதற்கு முன் இரண்டு மாதம் தினமும் பேருந்தில் பறவைக் குரல்களைக் கேட்டுப் பழகினேன்.

நீலகிரிச் சிரிப்பானுக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. ஒன்று சிரித்தால் அடுத்தது சிரிக்கும், அதைக் கேட்டு எதிர்ப்பக்கச் சோலையிலிருந்து ஒரு குடும்பமே சிரிக்கும். எத்தனை என்று எண்ணுவதுதான் கடினம். சோலைக்கிளி வேறு மாதிரி. பெயரில் கிளி இருந்தாலும் கிளிக்கும் அதற்கும் உறவில்லை. கருநீலமும் செம்பழுப்புமாக, காட்டின் தரையில், இருட்டில், நீண்ட காலால் தாவித் தாவி நடக்கும் சின்னப் பறவை. முதல் நாள் மூன்றாம் புள்ளியில் எட்டாவது நிமிடத்தில் ஓடைக் கல்மேல் வந்து நின்றது. வாலை ஒருமுறை விரித்து மடக்கியது. போய்விட்டது. அந்த ஒரு நொடிக்காக ஒரு மணி நேரம் குளிரில் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டு பறவைகளையும் பற்றி ஒரு செய்தி சொல்லியாகவேண்டும். நெடுங்காலம் இவற்றை இமயமலைப் பக்கத்துப் பறவை இனங்களோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். 2017ல் ராபின் விஜயனும் கூட்டாளிகளும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, இவை இந்த மலைகளிலேயே தனியாகக் கிளைத்த வம்சங்கள் என்று காட்டி, இரண்டு புதிய பேரினங்களை ஏற்படுத்தினார்கள். சிரிப்பான்களுக்கு மான்டெசின்க்லா. சோலைக்கிளிகளுக்கு ஷோலிகோலா. நம் வாயில் புழங்கும் சோலை என்ற சொல் உலகம் முழுக்கப் பறவையியல் நூல்களில் ஏறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே வேறு சோலைக்கிளி. இடையில் இருப்பது முப்பது நாற்பது கிலோமீட்டர் தாழ்நிலம்தான். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்தில் அதன் வழியாகப் போய்விடுகிறோம். குளிர்ந்த உச்சியை விட்டு இறங்காத சின்னப் பறவைக்கு அது கடல்.

சோலை ஓரத்திலேயே நின்றுவிட்டால் பட்டியல் நீளும். சாம்பல்தலை ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், வெள்ளைக்கண்ணிக் கூட்டம், ஓடையில் பாடும் சீகாரப் பூங்குருவி, இமயமலைப் பக்கமிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த இலைக்கதிர்க்குருவிகள். ஆனால் நான் தேடிப் போனது புல்மேட்டுப் பறவை. நீலகிரி நெட்டைக்காலி.

பார்த்தால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காய்ந்த புல் நிறம், முதுகெல்லாம் கறுப்புக் கோடு, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் வயலில் இருக்கும் நெட்டைக்காலியின் உறவு. ஆனால் வயல் நெட்டைக்காலி எங்கும் இருக்கும். இது இந்த மேற்கு மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் மட்டும். சதுப்பின் ஓரத்தில் புல் கொத்துக்கொத்தாக நிற்கும் இடத்தில் எலி மாதிரி குனிந்து ஓடும். எழுப்பினால் நேராகப் பறந்து ஏதாவது ஒரு புதர் உச்சியில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். முதல் நாள் இரண்டு. இரண்டாம் நாள் ஒன்று. அந்த ஒன்று உட்கார்ந்த புதருக்குப் பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. மார்பின் மஞ்சள் பழுப்பு தீப்பிடித்தது போல் இருந்தது. தொலைநோக்கியை இறக்க மனம் வரவில்லை, பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று உடன் வந்த தோழி தோளைத் தொட்டுச் சொன்னாள்.

பறவை வேலை ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். தட்டான் வேலை பத்தரைக்கு முன் தொடங்காது. நடுவில் இருந்த நேரத்தில் ஃபிளாஸ்க் டீயும் ஊட்டி வர்க்கியும். தட்டான் வெயிலின் பிள்ளை. பறக்கும் தசை சூடேறினால்தான் அதனால் எழ முடியும். மலைக்குளிரில் காலை முழுக்கக் கோரைத் தண்டில் பனித்துளி போர்த்து அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் மேட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கியதும் முதலில் சிறகு நடுங்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும், குளிரில் நாம் நடுங்குவது போலவே. அந்த நடுக்கத்தில் உடம்பு சூடாகும். பிறகு ஒரே எழுச்சி.

தட்டானுக்கு ஒரு இடத்தில் நிற்பதில்லை. நீர் ஓரமாக அளந்து வைத்த 100 மீட்டர் தூரத்தை மெதுவாக நடந்து, இரண்டு பக்கமும் தென்படுவதை எண்ணவேண்டும். மேகம் மறைத்தால் நிறுத்தி, வெயில் வந்ததும் தொடரவேண்டும். பிடிக்கவேண்டி வந்தால் வலையில் பிடித்து, வால் நுனி உறுப்பையும் சிறகின் நரம்புகளையும் படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுவோம். இரண்டு இனங்களைப் பிரிக்கிற அடையாளம் பல சமயம் அந்த வால் நுனியில், ஒரு மில்லிமீட்டர் வளைவில் இருக்கிறது.

இந்தியத் தட்டான்களைப் பற்றி இன்றும் முதலில் புரட்டுவது எஃப்.சி. ஃபிரேசர் எழுதிய மூன்று பெரிய தொகுதிகளைத்தான். 1933, 1934, 1936 என அடுத்தடுத்து வந்தவை. ஃபிரேசர் ராணுவ மருத்துவர். சிரிப்பானுக்கு 1839ல் முதலில் அறிவியல் பெயரிட்ட ஜெர்டனும் ராணுவ மருத்துவர்தான். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் இந்த மலையில் ஒருவர் பறவையையும், நூறு வருடம் கழித்து இன்னொருவர் தட்டானையும் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி முன்னால் நடந்த மலைக்காரர்களின் பெயர்களும் நூல்களில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த நாலு நாளும் நினைத்துக்கொண்டேன். கோரைக் கட்டை எங்கே இருக்கிறது என்று யாரோ ஒருவர் அவர்களுக்கும் சொல்லியிருப்பார்.

சதுப்பில் கண்டவற்றைச் சொல்கிறேன். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இன்னும் பரவலாகவில்லை. பறவைக்கு நெட்டைக்காலி, தகைவிலான், கொண்டலாத்தி என்று எத்தனை அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம். இங்கே தட்டான், தும்பி, ஊசித்தட்டான் என்ற மூன்றையும் வைத்துத்தான் சமாளிக்கவேண்டியிருக்கிறது. உடம்பு கறுத்து, இடுப்பில் வெளிர்நீலப் பட்டை கட்டிய பெரிய தட்டான், ஆர்த்தெட்ரம் ட்ரையாங்குலாரே. ஆண் ஒவ்வொன்றும் ஒரு குட்டையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு காவல் காக்கும். சிறகில் மஞ்சளும் கறுப்பும் பூசிய, சின்னக் குண்டுத் தட்டான், பால்போப்ளூரா. வால் நுனியில் மட்டும் நீலப்பொட்டு வைத்த, தையல் ஊசி அளவுள்ள ஊசித்தட்டான்கள். அப்புறம் ஒரு சிவப்புத் தட்டான். உடம்பு மட்டுமல்ல, சிறகின் நரம்புகளும் சிவப்பு. கண்ணின் மேல்பாதி செம்பழுப்பு, கீழ்ப்பாதி சாம்பல் நீலம். சிம்பெட்ரம் ஃபான்ஸ்கொலாம்பி என்று பெயர். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பறக்கிற அதே இனம். பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அது, நான் நோட்டை மடித்து வைத்ததும் நோட்டின் அட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அட்டை பாறையைவிடச் சூடாக இருந்திருக்கவேண்டும்.

இவை தவிர, ஆள் உயரத்துக்கு மேலே, உட்காராமல், மஞ்சளாகச் சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் ஒன்று. நம் ஊரில் மழைக்கு முன் கூட்டமாகத் தாழப் பறக்குமே, அந்தத் தட்டான். பான்டலா ஃபிளாவெசென்ஸ். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர்க் குளமே அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இவை லட்சக்கணக்கில் வந்து இறங்குவதைப் பார்த்து, எங்கிருந்து வருகின்றன என்று வருடக்கணக்காகக் குறிப்பெடுத்தார். இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009ல் எழுதினார். அதே காலத்தில் அதே கடலைக் கடக்கும் அமூர் வல்லூறு போன்ற பறவைகளுக்கு இவையே வழிச் சாப்பாடாகவும் இருக்கலாம் என்றார். என் தலைக்கு மேல் அன்று சுற்றியவை இன்று எந்தக் கடலின் மேல் இருக்கின்றனவோ.

இங்கேதான் எங்கள் கணக்கின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. பான்டலாவைப் பார்த்தேன் என்று எழுதினால் அந்தச் சதுப்பைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. அது வழிப்போக்கன். மற்றத் தட்டான்களும் ஓரளவுக்கு அப்படித்தான். சிறகு உள்ளது எங்கிருந்தும் வரலாம். இந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததா என்று தெரியவேண்டுமானால் வேறொன்றைத் தேடவேண்டும்.

தட்டான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறகில்லாமல் தண்ணீருக்குள் கழிக்கிறது. சேற்று நிறத்தில், ஆறு காலோடு, பார்க்கச் சிலந்திக்கும் பூரானுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாதிரி இருக்கும். மூச்சு விடுவது வால் பக்கத்தால். ஆபத்து வந்தால் அதே வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாயும். கீழுதடு மடித்து வைத்த கை மாதிரி முகத்துக்குக் கீழே இருக்கும். இரை அருகில் வந்தால் நீண்டு பிடித்துத் திரும்ப மடியும். கொசுப்புழு, தலைப்பிரட்டை எதையும் விடாது. இப்படிச் சில வாரங்களோ மாதங்களோ, இனத்தையும் குளிரையும் பொறுத்து வருடங்களோ கழித்து, ஒருநாள் கோரைத் தண்டில் ஏறித் தண்ணீருக்கு வெளியே வரும். முதுகு வெடிக்கும். உள்ளிருந்து மெத்தென்று வெளுத்த ஒரு தட்டான் தலைகீழாகச் சரிந்து, காலை ஊன்றி, வாலை உருவிக்கொண்டு வெளியேறும். சிறகு விரிந்து காய்ந்ததும் பறந்துவிடும். தோல் மட்டும் தண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

பாம்பு உரித்தால் பாம்புச் சட்டை என்கிறோம். அதனால் நாங்கள் இதைத் தட்டான் சட்டை என்றே பேசிக்கொண்டோம். கண் இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரிக் கண், ஒவ்வொரு காலிலும் நகம், மடித்த உதடு, எல்லாம் இருக்கும். முதுகில் வெடித்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கும். அது உள்ளே இருந்த மூச்சுக்குழாயின் உறை. மூச்சுக்குழாயின் உள்தோலைக்கூட உருவிப் போட்டுவிட்டுத்தான் அந்த உயிர் காற்றுக்கு வருகிறது. முதல் முறை உருப்பெருக்கியில் அந்த நூலைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பறக்கிற தட்டானை எண்ண வெயில் வேண்டும். சட்டையை எண்ண முழங்கால் வேண்டும். குட்டையின் ஓரத்தில் மண்டியிட்டு, கோரையைத் தண்டு தண்டாக விலக்கி, இருபது நிமிடம். ஈரம் பேன்ட்டில் ஏறும், அட்டை ஏறும். கொசுவைப் பிடித்துவைத்திருக்கும் பனித்துளிச் செடியின் சிவப்பு இலைகள் மூக்கருகே வரும். முதல் சதுப்பில் 23 சட்டைகள். இரண்டாவதில் 9. மூன்றாவதில் 31. சட்டை இருந்தால் அந்தத் தண்ணீர் அந்தப் பூச்சிக்குத் தேவைப்பட்ட காலம் முழுக்க வற்றாமலும் கெடாமலும் இருந்திருக்கிறது என்று பொருள். வேறெந்தச் சாட்சியும் வேண்டாம்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. இந்தப் பக்கத்து மழையைச் சொல்லவே வேண்டாம். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று எங்களுக்கு மழையில்லை, வெறும் வெள்ளை. பக்கத்தில் எங்கோ கடமான் ஒன்று அபாயக் குரல் கொடுத்தது. காவலர் கையைக் காட்டி எல்லாரையும் நெருக்கமாக உட்காரவைத்தார். இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அன்று நாலாவது சதுப்பில் தட்டான் எண்ணவில்லை. எண்ணாத இடத்தில் கோடு போடவேண்டும், சைபர் போடக்கூடாது. எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால்தான் சைபர். இந்த வேலையில் எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம் அதுதான். இரண்டையும் குழப்பினால் பின்னால் வந்து அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு நாம் பொய் சொன்னவர்களாகிவிடுவோம்.

கடைசி நாள், ஐந்தாவது சதுப்பு. அங்கே போகிற வழி முழுக்கச் சீகை மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேட்டல் மரத்துக்கு நீலகிரியில் சீகை என்றுதான் பெயர். அதுவும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் 1840களில் இந்த மலைக்கு வந்தன. விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, பிறகு செயற்கை நூலுக்கு என்று புல்மேடுகளில் பரப்பி நட்டார்கள். புல் இருக்கும் இடம் வெறும் இடம், மரம் இருந்தால்தான் காடு என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு இந்த மலைகள் கொடுத்த விலை பெரிது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதென்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018ல் கணக்குச் சொன்னார்கள். சதுப்புகள் பள்ளத்தில் இருப்பதால் அவற்றுக்கு இன்னும் பல வழிகளில் முடிவு வந்தது. வடிகால் வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டார்கள். பைக்காரா, குந்தா மின்திட்டங்களின் அணைகள் நிறைந்தபோது பல பள்ளத்தாக்குகள் சதுப்போடு சேர்ந்து நீருக்குள் போயின. மின்சாரமும் கிழங்கும் வேண்டியவைதான், நானும் அந்த மின்சாரத்தில் படித்தவன்தான். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இந்த மலையின் தொல்குடிகளான தோடர்களுக்கு அது தெரியும். அவர்களுடைய கோயில் கூரை வேய ஆவ்ஃபுல் என்று ஒரு புல் வேண்டும். சதுப்பில் மட்டும் வளர்வது, நீலகிரிக்கே உரியது. கூரையைப் புதுப்பிக்கிற ஆண்டில் அந்தப் புல்லைத் தேடி எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கிறது என்பதே அவர்களுக்கு ஒரு கணக்கெடுப்பு. அப்பா காலத்தில் தங்கள் குடியிருப்பான மந்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது என்று ஒரு தோடர் பெரியவர் டீக்கடையில் என்னிடம் சொன்னார். இப்போது வண்டி வைத்துக்கொண்டு போகிறார்களாம்.

ஐந்தாவது சதுப்பின் மூன்று பக்கமும் சீகை. நாலாவது பக்கத்தில் ஒரு துண்டுச் சோலை. விடியலில் பறவைத் தாளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்லமுடியாது. பதினான்கு இனங்கள். சிரிப்பான்கள் சீகைக்குள்ளிருந்தும் சிரித்தன. அவை தோட்டத்திலும் வாழக் கற்றவை. அந்தத் தாளை மட்டும் யாராவது பார்த்தால் நல்ல காடு என்றே எழுதுவார்கள். நெட்டைக்காலி என்ற வரியில் மட்டும் சைபர். பத்தரைக்கு வெயில் வந்தது. அருமையான வெயில். 100 மீட்டர் நடந்தோம். தலைக்கு மேல் பான்டலா இரண்டு. குட்டை இருந்த இடத்தில் சேறு வெடித்து, கோரைக்கு நடுவே இடுப்பளவு சீகைக் கன்றுகள். நட்டவர் யாருமில்லை, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்தாலும் முளைக்கும் விதை அது. இருபது நிமிடம் மண்டியிட்டுத் தேடினோம். நாலு பேர், எட்டுக் கை. சட்டை ஒன்றுமில்லை. பருவமழை முடிந்த முதல் வாரத்திலேயே அங்கே நீர் நிற்கவில்லை என்றால் பங்குனி, சித்திரையில் என்ன இருக்கும்? கொடிவேரி வாய்க்காலின் மறுமுனையில் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு அப்போது வந்தது. வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

நீதிமன்றம் உத்தரவிட்டு, வனத்துறை இடம் இடமாகச் சீகையை அகற்றிவருகிறது. அகற்றிய இடங்களில் புல் திரும்ப வருவதையும் இரண்டாம் நாள் பார்த்தோம். அதனால்தான் ஐந்தாவது சதுப்பும் எங்கள் பட்டியலில் இருந்தது. இன்றைய சைபர் இல்லாவிட்டால், நாளை ஒருவேளை நீர் திரும்பினாலும் திரும்பியதென்று காட்ட வழியிருக்காது.

நேரம் முடிந்தது. சட்டை என்ற கட்டத்தில் 0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது காவலர் கூப்பிட்டார். நாலு நாளாக நாங்கள் மண்டியிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், சீகைத் தூர் ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இதுவா பாருங்க."

கோரைத் தண்டில் ஒரு சட்டை. பழசு. வெளுத்து, மூன்று கால் உதிர்ந்து, முதுகின் வெள்ளை நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுதாண்ணே. ஆனா நேரம் முடிஞ்சு போச்சு."

"அப்ப கணக்குல வராதா?"

"கணக்குல வராது. குறிப்புல எழுதறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. நான் எழுதி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யத்தை அடிக்கவில்லை. கீழே குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: பழைய சட்டை ஒன்று, தென்மேற்கு ஓரம், சீகைத் தூருக்கு அருகில், நேரம் முடிந்த பின். கண்டவர் பெயர் என்று அவர் பெயரையும் எழுதிப் படித்துக் காட்டினேன். பிறகு அவர் முன்னால் நடக்க, அவர் மிதித்த கோரைக் கட்டைகளைப் பார்த்து மிதித்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.